தெருப் பெயர் மட்டும் போதும்

மார்ச் 4
இரண்டு வாரத்தில் எங்கள் சுகாதார அலுவலகத்துக்கு வந்த மஞ்சள் காமாலைக் கணக்கு ஆறு. "ஆறுதானே, விடுங்க" என்றார் அதிகாரி. ஆனால் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, தன் தெருவிலேயே நாலு பேர் என்றார். நாலு பேரும் தனியாரிடம் பார்த்தவர்கள். என் ஏட்டில் ஒருவர்கூட இல்லை. அப்படியென்றால் நான் எதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 6
தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். உரிமையாளர் தேநீர் கொடுத்தார், பட்டியலைக் கொடுக்கவில்லை. "மேடம், என்னை நம்பி வர்றாங்க. அவங்க பேரைத் தூக்கி உங்ககிட்ட கொடுத்துட்டா, நாளைக்கு யாரு என் படியேறுவா?"
விருட்டென்று எழுந்து வந்துவிட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது, அவர் சொன்னதில் தப்பில்லை.

மார்ச் 7
குடிநீர் அலுவலகம். கலங்கல் தண்ணீர்ப் புகார்களைக் கேட்டேன். "எழுதிக் கொடுங்க, மேலிடத்துக்கு அனுப்புறேன்" என்றார் பொறியாளர். மேலிடம் எத்தனையாவது மாடி என்று கேட்க நாக்கு துடித்தது.

மார்ச் 9
தங்கைக்கு ஏழாம் மாதம். "குழாய்த் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதுக்கா" என்றாள் போனில். பிள்ளைத்தாய்ச்சிக்குக் காமாலை வந்தா— கொதிக்க வெச்சுக் குடிடின்னு பத்து தடவை சொல்லிட்டேன். அவளுக்குச் சொல்ல நான் இருக்கேன். மத்தவங்களுக்கு?

மார்ச் 10
மறுபடி பரிசோதனைக் கூடம். "பேர் வேண்டாம், போன் நம்பர் வேண்டாம். தெருவும் தேதியும் போதும்." கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "தெரு மட்டும்னா தரேன்."
முப்பத்தொன்று!
அந்தத் தாளோடு பொறியாளரிடம் போனேன். மேலிடத்தை மறந்து புகார் ஏட்டை அவரே எடுத்து வைத்தார்.

மார்ச் 11
ஒரே தெருவுக்கு எங்களிடம் பழைய பெயர், கூடத்தில் புதுப் பெயர், குடிநீர் ஏட்டில் "தபால் ஆபீஸ் பின்பக்கம்". பொறியாளரும் நானும் வரைபடத்தை விரித்துப் பென்சிலால் புள்ளி வைத்தோம். மொத்தம் முப்பத்தேழு. இருபத்தொன்பது ஒரே குழாய்த் தடத்தில், புகார்களும் அங்கேதான். தங்கை தெருவும். பொறியாளர் போனை எடுத்தார்: "வால்வை மூடுப்பா. இப்பவே."

மார்ச் 12
தோண்டினார்கள். விரிசல் விட்ட குழாய், ஒரு முழம் தள்ளிச் சாக்கடை.

மே 20
தங்கைக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம்.

ஜூன் 1
கூடத்து உரிமையாளர் அழைத்தார். இப்போதெல்லாம் திங்கள்தோறும் அவரே அழைக்கிறார்.
"இந்த வாரம் ஒருத்தரும் இல்ல மேடம். இல்லைங்கிறதையும் சொல்லணுமா?"
"அதைத்தான் சார் மொதல்ல சொல்லணும்."
சிரித்தார். பூஜ்யம் என்று எழுதிப் பொறியாளருக்கும் அனுப்பினேன்.