கொம்புக்கு இடம் இருந்தது

சார்,

இன்று காலை தருமபுரி பேருந்து நிலையச் சுவரில் உங்களைப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. பசை இன்னும் காயவில்லை, புளித்த மைதா வாடை மூக்கில் ஏறியது. 'தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய ஆசிரியர்' என்று போட்டு, கீழே உங்கள் பெயர். அதில் ஒரு பிழை. முதலெழுத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. அச்சடித்த கம்ப்யூட்டர் உங்கள் காலை வாரிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை, கடைசியில் வழக்கம் போலக் கோபம்.

எண்பதுகளின் நடுவில் நம் பள்ளிக்கு அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் வந்தபோது, பௌதிகம் எடுத்த உங்களையும் கணக்கு எடுத்த என்னையும் தலைமையாசிரியர் அதன் முன்னால் உட்காரவைத்தார். டைப்ரைட்டர் மாதிரி ஒரு பெட்டி, மேலே டிவி, பக்கத்தில் புரோகிராமைப் பதிய ஒரு டேப்ரிக்கார்டர். அதில் தமிழ் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டது நாம் இருவர்தான். ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து ஏற்றினோம். பாதி தாண்டுவதற்குள் மெமரி நிரம்பிவிட்டது.

"அவ்ளோதாங்க டீச்சர், தமிழுக்கு இது பத்தாது" என்று கையை விரித்தீர்கள்.

மறுநாள் மாரண்டஹள்ளி பஸ்ஸில் வரும்போது எனக்குப் பொறிதட்டியது. கெ, செ, தெ என்று தனித்தனியாக எதற்கு வரையவேண்டும்? கொம்பை ஒரு தடவை, துணைக்காலை ஒரு தடவை வரைந்து வைத்துக்கொண்டு வேண்டிய எழுத்தோடு ஒட்டினால் போதுமே. கு, கூ வரிசைகள்தான் அடங்காத பிள்ளைகள், அவற்றை மட்டும் தனியாக வரைந்துகொள்ளலாம். சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"உங்க வூட்டு மாட்டுக்கும் இப்படித்தான் கொம்பைக் கழட்டிக் கழட்டி மாட்டுவீங்களாங்க?"

"அதுங்களுக்குச் சொந்தமாவே இருக்குதுங்க சார். உங்களுக்கு வேணும்னா ஒண்ணு மாட்டி விடறேன்."

புரோகிராம் சுருங்கியது. ஆனால் நொண்டி நொண்டித்தான் எழுதியது. மெஷினின் சொந்த மொழியிலேயே திருப்பி எழுதி அதை ஓடவைத்தது நீங்கள். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. திரையின் முதல் வரியில் உங்கள் பெயரும், லூர்துமேரி என்ற என் பெயரும் பளிச்சென்று எழும்.

கலெக்டர் வருகிறார் என்று பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். மகள் பெயரைத் திரையில் பார்க்க, தக்காளித் தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு என் அப்பா வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். முதல் வரியில் உங்கள் பெயர் மட்டும் மின்னியது.

"உம் பேரு எங்கம்மா?" என்றார் அப்பா.

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "எடம் பத்தலைங்க டீச்சர். உங்க பேரை எடுத்தாத்தான் ஓடுது."

யாரிடம் சொன்னீர்கள் சார்? அந்த மெமரியில் இடத்தை உண்டாக்கியவளே நான். எழுத்தெல்லாம் உள்ளே இருக்க, என் பெயருக்கு வேண்டியது ஒரு மூலை. அப்பா நம்பினார், கலெக்டர் கேட்டிருந்தால் அவரும் நம்பியிருப்பார். அது பொய்யென்று அந்த அறையில் தெரிந்தது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான். அந்தப் பொய்யை என்னிடமே சொன்னீர்களே, பச்சைத் துரோகம்.

பிறகு உங்களுக்குச் சென்னையில் வேலை, மேடை, மாலை. "அவருக்கென்ன கொம்பா மொளைச்சிருக்குது?" என்று மற்ற டீச்சர்கள் அங்கலாய்க்கும்போது வாயை மூடிக்கொள்வேன். முளைத்துத்தான் இருந்தது. செய்து மாட்டியவள் நான். இன்றைக்கும் 'எடம் பத்தலை' என்று யாராவது பஸ் சீட்டுக்குச் சொன்னால்கூட எனக்கு வயிறு எரிகிறது.

ஓய்வு பெற்றும் பையில் கிடக்கிற சிவப்புப் பேனாவை எடுத்தேன். தப்பாய் நின்ற கொம்பை அடித்துவிட்டு, எழுத்துக்கு முன்னால் சரியாகப் போட்டேன். உங்களுக்காக இல்லை. பிழையை அப்படியே விட்டுவிட்டுப் போக என் கைக்குத் தெரியாது.

பஸ் வந்துவிட்டது. ஏறும்போது இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தேன். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் சும்மா கிடந்தது, சார்!