எண்ணெய் படாத கை

அக்கா,

குற்றாலம் பேரருவியில் தண்ணீர் கொட்டுகிறது. காலையில் பாலத்தில் நின்று பார்த்துவிட்டுத் தம்பி தொலைபேசியில் சொன்னான். நான் தென்காசி பஸ் நிலையத்தில் இருக்கிறேன். இங்கே சாரல்தான். கடையில் நல்லெண்ணெய் வாங்கி மூடியைத் திறந்தேன். அந்த வாசனையில் நீ வந்துவிட்டாய்.

ஐம்பதுகளில், ஒவ்வொரு சீசனுக்கும் சுரண்டையிலிருந்து தென்காசிக்கு பஸ். பிறகு குற்றாலத்துக்கு மாட்டுவண்டி. சோற்றுத் தூக்குவாளி என் மடியில், தம்பி உன் மடியில். "அருவி எப்பம்க்கா வரும்?" என்று நான் நச்சரிப்பேன். "அது அங்கனயேதான்லே நிக்குது, நாமதான் போவணும்" என்பாய்.

சின்னப் பிள்ளைகள் என்பதால் நானும் தம்பியும் பெண்கள் பக்கம்தான் குளிப்போம். ஒரு வருடம் அம்மா எல்லோருக்கும் உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்துவிட்டாள். நீ பிடித்திருந்த தம்பியின் கை, மீன் போல வழுக்கிப் போனது. நீரின் இழுப்பில் அவன், குளிப்பவர்களின் கால்களுக்கு இடையே உருண்டான். முன்பின் தெரியாத ஒருத்தி அவன் அரைஞாண் கயிற்றைப் பற்றித் தூக்கினாள். உன்னை யாரும் திட்டவில்லை. திரும்பும் வழியெல்லாம் நீ உன் வலக் கையையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

மறு வருடம் அந்தக் கையை எண்ணெய்க்கு நீட்ட மறுத்துவிட்டாய்.

"ஏட்டி, அந்தக் கை மட்டும் விரதமா?" என்றாள் அம்மா.

"இது இவனுவளப் பிடிக்கிற கைம்மா."

அருவியடியில் உன் பிடி இறுகி, என் மணிக்கட்டு சிவந்துவிடும். "வலிக்குதுக்கா" என்றால், "வலிச்சாத்தாம்லே நீ இங்கன இருக்கேன்னு அர்த்தம்" என்பாய். கல்யாணமான பிறகு தீபாவளிக் குளியலிலும் அந்தக் கையில் எண்ணெய் பட்டதில்லை.

போன மாசியில், நீ கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, உன் கால்களுக்கு எண்ணெய் தேய்த்தேன். வலக் கையைத் தொட்டதும் இழுத்துக்கொண்டாய். "அது வேண்டாம்லே." பிறகு அதே கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாய். வலிக்கவில்லை. நானும் உன்னைப் பிடித்தேன். என் இரண்டு கைகளிலும் எண்ணெய் இருந்தது.

தம்பி பேத்தியை அழைத்து வந்திருக்கிறான். அவளுக்கு இதுதான் முதல் அருவி. வெள்ளம் தணியாததால் குளிக்க இன்னும் அனுமதி இல்லை. நாளை காலை பார்த்துச் சொல்வதாகக் காவலுக்கு நிற்பவர் சொல்லியிருக்கிறார். குளிக்க விட்டால் அவளை நான்தான் பிடித்துக்கொள்வேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

வலக் கையில் எண்ணெய் தேய்க்க மாட்டேன், அக்கா.