படைத்த பொங்கல்

அக்கா,

இன்று காலை ஒரு பழைய வீட்டின் புகைபோக்கியிலிருந்து நிலக்கரிப் புகை வந்தது. நான் இருக்கும் டிரெஸ்டனில் இப்போது அந்த மணம் அபூர்வம். மூக்கில் பட்டதும் நீங்கள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களை அகதி விடுதியில் போட்ட கிழக்கு ஜெர்மனிச் சிறு நகரம் முழுக்க அந்தப் புகைதான். சுவர் விழுந்து, பழைய ஆட்சி போய், இனி எதை நம்புவதென்று ஊரே விழித்துக்கொண்டிருந்த காலம். அங்குள்ள தேவாலயங்கள் வெறிச்சோடிக் கிடந்தபோது, யாழ்ப்பாணத்துச் சைவப் பெண்ணான நீங்கள் போய் ஞானஸ்நானம் எடுத்தீர்கள். "விசாவுக்குத்தான்" என்றார்கள் விடுதியில். கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினால் விசா கொடுக்கிற கந்தோர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

அந்த வருடத் தைப்பொங்கலுக்கு முந்தின கிழமைதான் சிக்கல் வந்தது. மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்துபோன தமிழ்ப் போதகர் ஒருவர், படைத்த சோற்றைத் தொடக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருந்தார். எங்கள் விடுதிப் பெண்களோ, சூரியனுக்குப் படைக்கும் முன் ஒரு கரண்டி எடுக்கவும் விடமாட்டார்கள். படைக்க முன்னும் இல்லை, படைத்த பின்னும் இல்லை. எங்களோடு ஒரே அடுப்பில் சமைத்து வந்த உங்களுக்குப் பொங்கலன்று மட்டும் தட்டு இல்லை என்றாகியது. "இனி அவ எங்கடை ஆள் இல்லை" என்று ஒருத்தி சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது.

நீங்கள் அழவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு உங்கள் ஜெர்மன் பாஸ்டரிடம் போனீர்கள். அவர் சொன்னார்: "பழைய ஆட்சியில் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் உறுதிமொழி விழா நடத்தியது. அதற்குப் போனவர்களைச் சபையில் சேர்க்கமாட்டோம் என்றோம். அந்தப் பிள்ளைகள் பிறகு திரும்பி வரவேயில்லை. ஒரு தட்டுச் சோற்றுக்காக உங்களையும் இழக்க எனக்கு விருப்பமில்லை."

பொங்கலன்று நெற்றியில் பொட்டும் கழுத்தில் சிலுவையுமாகக் குசினிக்குள் வந்து தட்டை நீட்டினீர்கள்.

"நான் கடவுளைத்தான் மாத்தினனான், ஆக்களை மாத்தேல்லை. போடுங்கோ."

"படைச்சதெல்லோ அக்கா, பரவாயில்லையோ?" என்று கேட்டாள், "எங்கடை ஆள் இல்லை" என்ற அதே பெண்.

"நீங்கள் உங்கடை ஆளிட்டைச் சொல்லிப்போட்டியள். நான் என்ரை ஆளிட்டை ஒருக்காச் சொல்லிப்போட்டுச் சாப்பிடுறன்."

கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தீர்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பானையைக் கிளறித் தேடி, கஜுப் பருப்பு முழுவதையும் உங்கள் தட்டிலேயே போட்டாள். எங்களுக்கு ஒன்றுகூட இல்லை; அதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

தேவாலயத்தில் உங்கள் உடலுக்கு விடை கொடுத்த அன்று, ஜெர்மன் பாட்டு முடிந்ததும் அதே பெண் எழுந்து தேவாரம் பாடினாள். ஒருவரும் தடுக்கவில்லை. பாஸ்டரும் தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

நான் இன்றைக்கும் சைவம்தான், அக்கா. மாற நினைத்ததுமில்லை. விளக்கேற்றி முருகனிடம் என் வீட்டுக் கதை எல்லாம் சொல்வேன். சொல்லி முடித்ததும் உங்கள் ஆளையும் கூப்பிட்டு, "எங்கடை அக்கா எப்பிடி இருக்கிறா?" என்று விசாரித்துவிட்டுத்தான் எழும்புவேன்.