அண்ணனுக்கும் மருந்து இருக்கிறது

சென்னை, 12.8.1959

அன்புள்ள அய்யாவுக்கு, மகள் லீமாரோஸின் தோத்திரம். நான் சுகம். உங்கள் இளைப்பு குறைந்ததா?

நான் நர்ஸாக இருக்கும் மனநோய் வார்டில் ஓர் அம்மாள், சுவர் தன்னைத் திட்டுவதாக ஓயாமல் கத்துவார். புது மாத்திரை கொடுத்து இரண்டு மாதமாகிறது. நேற்று என்னிடம், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாத்திரையால் கை மட்டும் அவருக்குக் கொஞ்சம் நடுங்குகிறது.

மூளையில் ஊறும் ஏதோ ரசாயனம் கெடுவதால்தான் இல்லாத குரல்கள் கேட்கின்றன என்று டாக்டர் நினைக்கிறார். அது எதுவென்று இன்னும் பிடிபடவில்லையாம். அண்ணனுக்குக் கேட்கும் குரல்களும் அப்படித்தான் இருக்கும். நீங்கள் நினைப்பதுபோல் பேய் இல்லை, அய்யா.

அண்ணன் சிலுவைமுத்து யாரையும் கிட்டே விடாதிருந்தபோது, "கிழிஞ்ச வலை பொத்தலாம் வாண்ணே" என்று பொய் சொல்லி வலைக் கொட்டகைக்குக் கூட்டிவந்தவள் நான்தான். என்னை நம்பி வந்தான். அங்கே நீங்கள் அவன் காலில் சங்கிலி போட்டபோது அவன் உங்களைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தான்.

டாக்டர் அவனைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் லீவு கிடைத்ததும் பாம்பனுக்கு வருகிறேன். அதுவரை காத்திருக்காமல் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். காலில் புண் இருந்தால் தேங்காயெண்ணெய் தடவுங்கள். கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். இங்கே சோறு இறங்கவில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அண்ணன் என்னை எப்போதாவது கேட்டானா? மறைக்காமல் எழுதுங்கள்.

லீமாரோஸ்