தெருவில் ஒரு கை தூரம்

இன்று காலை ஓர் அம்மா சரிகைக்கரை போட்ட கசவுச் சேலையோடு ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தார். கவரைப் பிரித்து, மடிப்புக் கலையாத புதுச் சேலையை என் மேஜைமேல் விரித்தார். அந்தக் கஞ்சி வாசனை வந்ததுதான் தாமதம், மிஷினை மிதித்துக்கொண்டிருந்த என் கால் தானாக நின்றுவிட்டது. வலது தோள் கனத்தது. நீதான் பின்னால் வந்து தோளில் தாடையை வைத்துச் சாய்ந்துவிட்டாய் என்று நினைத்து, "எந்திரி, ஊசி விரல்ல ஏறிரும்" என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். "ஆருகிட்ட பேசுறீங்க?" என்று அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். யாருமில்லை என்றேன். அடி பாவி, போனவள் போன இடத்தில் இருக்கக் கூடாதா?

சாலைக் கடைத்தெருவில் அந்த ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நாள் முழுக்க நின்றபடி உனக்கு வேலை. உட்கார்ந்தால் மேலாளர் முறைப்பார். கடை முடிந்ததும் ஆரியசாலையில் என் தையல் கடைப் படியேறி வருவாய், உடம்பெல்லாம் புதுத்துணி வாசனையோடு. முதல் தடவை வந்தது ரவிக்கைக்கு அளவு கொடுக்க. நான் டேப்பை எடுத்து மார்பைச் சுற்றிப் பிடித்ததும் நெளிந்தாய். "ஏட்டி, நீ அளவெடுக்கியா, கிச்சுகிச்சு மூட்டுறியா?" என்றாய். எத்தனையோ பெண்களுக்கு அளவெடுத்த கை அது. அன்றைக்கு எழுதிய அளவு எல்லாமே தப்பு. அந்த ரவிக்கையை மூன்றாம் தடவை பிரித்துத் தைத்தபோதுதான் நாம் சிநேகிதிகள் ஆனோம்.

சிநேகிதிகளாக இருந்தவரை நமக்கு என்ன குறை? கைகோத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்கத் திரிந்தோம். ஒரே குடைக்குள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடந்தோம். கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் பாதி கடித்த பழம்பொரி பஜ்ஜியை என் வாயில் திணிப்பாய். பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு கண்டக்டரிடம் மலையாளத்தில் வம்பு பேசுவாய். ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை. இரண்டு பெண்கள் ஒட்டிக்கொண்டு போவதை இந்த ஊரில் யார் பார்க்கிறார்கள்!

பிறகு கரமனையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கே நீ குடிவந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து மழையில் நனைந்து வந்தாய். கதவைச் சாத்திவிட்டு உன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். துண்டுக்குள்ளிருந்து முகத்தை நீட்டி என் உதட்டில் முத்தம் கொடுத்தாய். எனக்குப் பயமே வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. இவ்வளவுதானா, இதற்காகவா இத்தனை வருஷம் தவித்தேன் என்று சிரிப்புக்கூட வந்தது. பயம் வந்தது மறுநாள், தெருவில் இறங்கியபோது.

அன்றைக்கு நீ வழக்கம்போல என் கையைப் பிடிக்க வந்தாய். நான் உதறிவிட்டேன். இனிமேல் தெருவில் ஒரு கை தூரம் விட்டுத்தான் நடக்க வேண்டும், பஸ்ஸில் தனித்தனி சீட்டு, யாராவது வீட்டுக்கு வந்தால் நீ ஒரு மூலை நான் ஒரு மூலை என்று சட்டம் போட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "இம்புட்டு நாளும் ஊர் கண்ணுக்கு நாம ஒண்ணுமில்ல. இப்பத்தான் பாரு, சந்தேகம் வரப் போவுது" என்றாய். கதவுக்கு உள்ளே அதற்கெல்லாம் சேர்த்து ஈடுகட்டினாய். நான் மீன்குழம்பு வைக்கும்போது பின்னாலிருந்து கட்டிக்கொண்டு விடமாட்டாய். குழம்பு அடிப்பிடிக்கும். நின்று நின்று வீங்கிய உன் காலை என் மடியில் போட்டு அமுக்குவேன். "அங்கதான், அங்கதான்" என்று கண்ணை மூடிக்கொள்வாய். அந்த முகத்தை ஊரில் வேறு யாரும் பார்த்ததில்லை என்று எனக்கு ஒரு கர்வம்.

நீ சொன்னபடியே ஆயிற்று. நேமத்தில் இருக்கும் உன் அக்கா ஒருநாள் மரவள்ளிக் கிழங்கோடு வந்தார். சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். "முன்னல்லாம் ரெண்டும் ஒட்டிக்கிட்டே கெடப்பிய. இப்ப ஒருத்தி வந்து உக்காந்தா ஒருத்தி எந்திரிச்சுப் போறிய. சண்டையும் இல்ல. எனக்குப் புரியாதுன்னு நெனைக்காண்டாம், கேட்டியா?" என்றார். தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போய்விட்டார். இனி உன்னை வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்றே ஒவ்வொரு ஞாயிறும் பயந்துகொண்டிருந்தேன். "அக்கா அப்படிப்பட்ட ஆளு இல்லட்டி, சவத்த விடு" என்றாய் நீ. நான் விடவில்லை. அந்த ஒரு கை தூரத்தை ஒன்றரை ஆக்கினேன்.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன் அக்காவும் நானும் மாறி மாறி இருந்தோம். அங்கே எல்லாப் பெண்களும் யாருக்காவது தலை சீவிக்கொண்டும் கால் அமுக்கிக்கொண்டும்தான் இருந்தார்கள். உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. "இப்ப மட்டும் ஒன் சட்டம் எங்க போச்சு?" என்று மஞ்சள் கண்ணைத் திறந்து கேட்டாய். நான் கஞ்சி வாங்கிக்கொண்டு திரும்பியபோது உன் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள்.

அக்கா வீட்டு முற்றத்தில் உன்னைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள், வெள்ளைச் சேலையில், கையுறையோடு. நான் மதில் ஓரமாக நின்றேன். உங்கள் சர்ச் வழக்கங்கள் எனக்கு என்ன தெரியும்? பாட்டு முடிந்து ஜெபம் முடிந்ததும் ஒருவர், "முத்தம் குடுக்கவங்க குடுத்துக்கிடுங்க, பெட்டிய மூடணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் அண்ணன், அண்ணன் பிள்ளைகள், சித்திமார் எல்லாரும் வரிசையாக வந்து குனிந்து உன் நெற்றியில் முத்தமிட்டார்கள். கடைசியாக அக்கா. நானும் அந்த வரிசையில் போய் நின்றால் என் முகமே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். போகாவிட்டால் அவ்வளவுதான், மூடிவிடுவார்கள். கால் நகரவில்லை.

அக்கா நிமிர்ந்தார். கூட்டத்துக்குள் கண்ணால் துழாவினார். "அந்தத் தையக்காரி எங்க? வரச் சொல்லு" என்றார்.

"வீட்டாளுங்க குடுத்தா மதி, போதும், நேரமாச்சு" என்றார் மூடியைப் பிடித்திருந்த பெரியவர்.

"அவதான் வீட்டாளு" என்றார் அக்கா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்டது.

வழி விட்டார்கள். வந்தேன். எல்லாரும் கொடுத்த இடத்தில், நெற்றியில்தான் கொடுத்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் குனிந்திருந்தேன் போலிருக்கிறது, அக்கா என் முதுகில் கை வைத்தார். பட்டப்பகலில், உன் சொந்தபந்தம் எல்லாம் பார்த்திருக்க, உனக்கு நான் முத்தம் கொடுத்தேனடி. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. வானம் இடிந்து விழவில்லை. எத்தனையோ தடவை நீ தெருவில் கையை நீட்டிக் கேட்டது இதுதானே? அது நடந்தபோது பார்க்க நீ இல்லை.

அந்தக் குளிர் என் உதட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கொதிக்கக் கொதிக்கச் சாயா குடிக்கிறேன். போக மாட்டேன் என்கிறது.