பூச்சாண்டிப் பட்டியல்

என் அன்பு மனைவிக்கு,

ஒப்பந்தத்தில் சங்கத்தின் சார்பில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விமானிகள் அனைவருக்கும் சம்பளத்தில் கால்வாசி வெட்டு. வேலைநீக்கம் ஒருவருக்கும் இல்லை. திவாலாகும் கம்பெனி, பேச்சுவார்த்தையில் பிஸ்கட்டுக்கு மட்டும் குறை வைக்கவில்லை.

போன வருடம் விமானியாகச் சேர்ந்த உன் தம்பி சங்கக் கூட்டத்தில் நாற்காலிமேல் ஏறிவிட்டான். “வேலைநீக்கம்னு சும்மா பூச்சாண்டி காட்டுறாங்க. நீங்க எங்களை வித்துட்டீங்களே, அத்தான்!” என்றான். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன்.

வேலைநீக்கத்துக்கென்று, கடைசியாகச் சேர்ந்த நாற்பது பேரின் பட்டியலை நிர்வாகம் என்னிடம் காட்டியிருந்தது. மூன்று வாரம் மேசைமேல் கிடந்த அந்தக் காகிதத்தை இன்று கிழித்தார்கள். பெயர்களை வெளியே சொல்லக் கூடாதாம். நான் சொல்லவில்லை.

ஞாயிறு வருகிறேன். அவனையும் சாப்பிடக் கூப்பிடு. வயிறார உண்டு, நிதானமாகத் திட்டட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்