அறுபத்து நாலில் நிற்கும் பாட்டு

ஜெகதாப்பட்டினம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள செம்மல் அண்ணனுக்கு,

கலைமதி எழுதுகிறேன். நானும் இலக்கியாவும் இருக்கிறோம். நீங்களும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்காக அப்படி வேண்டிக்கொள்ள எனக்கு நாலு வருஷம் பிடித்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. மீமிசல் அருள்மணி லீவு முடிந்து குவைத் திரும்புகிறார், உங்கள் கேம்ப்பில்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் வைத்திருக்கிறேன். கருவாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இங்கே துறைமுகம் ஒரு வாரமாகப் படுத்துக் கிடக்கிறது. பக்கத்துத் தெருப் பையன்களைப் படகோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஸ்ட்ரைக். ஐஸ் கம்பெனியிலும் வேலை இல்லை. நான் இப்போது அங்கேதான் டோக்கன் போடுகிறேன். பாட்டு ஏற்றிக் கொடுத்த நம் கடை இருந்த இடத்தில் பிரியாணிக் கடை வந்துவிட்டது. இலக்கியா ஒன்றாம் வகுப்பு போகிறாள். வாய் அப்படியே அவள் அப்பாதான், ஒரு நிமிஷம் சும்மா இருக்காது.

அவளால்தான் இந்தக் கடிதம். போன மாதம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் வீட்டில் யார் பாடுவார்கள் என்று கேட்டிருக்கிறார். இவள் வந்து என்னைக் கேட்கிறாள், அப்பா பாடுவாராமே, எப்படிப் பாடுவார் என்று. அவர் போகும்போது இவள் நடை பழகிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாட்டு வராது என்பது உங்களுக்கே தெரியும். நான் பாடிக் காட்டினேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு, அப்பா இப்படியா பாடுனாரு, வேணாம்மா என்று சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் அவர் பெயரில் நீங்கள் வைத்த ‘உதயன் கச்சேரி’ ஞாபகம் வந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அன்றைக்கு அவர் கல்லாப்பெட்டியில் தாளம் போட்டு, தானே கட்டின பாட்டுகளை வரிசையாகப் பாட, நீங்கள் அவர் போனில் பதிவு செய்தீர்களே, அதுதான். அவருடைய போன் அவரோடேயே போயிற்று. கடைக் கம்ப்யூட்டரை விற்கும்போது எல்லாவற்றையும் அழித்துத்தான் கொடுத்தோம்.

கடலுக்குப் போகிறவர்களிடம் இருக்கும் என்று நினைத்தேன். கரையில் எல்லோர் கைக்கும் நெட் வந்த பிறகும், கடலுக்குள் டவர் கிடையாது என்று மெமரி கார்டை நீட்டிக்கொண்டு நம் கடைக்குத்தானே வருவார்கள். நீங்கள் வேண்டுமென்றே ஒவ்வொரு கார்டிலும் கடைசியில் உதயன் கச்சேரியைச் சேர்த்து அனுப்புவீர்கள். நடுக்கடலில் இவர் குரலைக் கேட்டுத் திட்டிக்கொண்டே வருவார்கள். ஆனால் அடுத்து கடலில் தங்கிப் பிடிக்கப் போகும்போது புதுப் பாட்டு ஏற்றும் முன் பழையதைச் சுத்தமாக அழிப்பது நம் வழக்கம். அந்த வேலை என்னுடையது. துறைமுகத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன் அண்ணே. எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: இருந்துச்சு தங்கச்சி, நீதான அழிச்சே.

பக்கத்து வீட்டுச் சந்தனமேரி மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பை இரவல் வாங்கினேன். என் போன் நெட்டைப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் உங்கள் இரண்டு பேருடைய பழைய சண்டைதான் முன்னால் வந்து நின்றது. பாட்டு இறக்குகிற சாப்ட்வேரில் பச்சையா, நீலமா?

அவருக்குப் பச்சைதான். பாட்டின் பெயரை அடித்தால் வைத்திருக்கிறவர்கள் வரிசையாக வருவார்கள், ஒருவரைப் பிடித்து எடுத்துக்கொண்டு உடனே மூடிவிடலாம். வந்த வேலை முடிஞ்சா கதவைச் சாத்துறவன்தான்டா பொழைப்பான், கரண்டு பில்லு ஒங்க அப்பனா கட்டுவான் என்பார். உங்களுக்கு நீலம், அந்த டொரண்ட். ஒரே பாட்டைத் துண்டு துண்டாகப் பல பேரிடமிருந்து வாங்கலாம், வாங்கும்போதே வாங்கினதைப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டும் இருக்கலாம். முடிந்த பிறகும் திறந்தே வைக்க வேண்டும் என்பீர்கள். எடுத்துட்டு ஓடுறவன் மனுசனே இல்லடா, இங்கிட்டு நாம மூடுனா அங்கிட்டு எவனோ பாதியில நிப்பான் என்று நீங்கள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. பச்சையில் ஒரு நாள் வைரஸ் வந்து கடையே இரண்டு நாள் மூடிக் கிடந்தது. அதன் பிறகு நான்தான் நடுவில் புகுந்து நீலமே இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். என் புருஷன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது அவருக்காக, முதலில் பச்சையைத்தான் போட்டேன். அதில் ஊரே காலியாகிக் கிடந்தது. பெயரை அடித்துவிட்டுக் காத்திருந்ததில் ஒன்றே ஒன்று வந்தது. அதே பெயர். இலக்கியாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திறந்தேன். யாரோ ஒருவன் இங்கிலீஷில் விளம்பரம் பேசினான். எந்தப் பெயரை அடித்தாலும் அந்தப் பெயரையே ஒட்டிக்கொண்டு வருகிற பொய்ச் சரக்கு அது. இவள் என்னைப் பார்த்து, அப்பா இங்கிலீஷு பேசுவாரா என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் உங்கள் மேல்தான் வந்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு நீலம். அவருடைய மெயிலைத் திறந்து பார்த்தேன். நீங்கள் அனுப்பிய அந்தச் சின்ன டொரண்ட் பைல் அதில் இருந்தது. ‘டேய், இனி ஒலகத்துக்கே பாடுறே’ என்று எழுதியிருந்தீர்கள். அதைப் போட்டேன். பெயர் வந்தது, அளவு வந்தது, பாட்டு வரவில்லை. முழுசாக வைத்திருக்கிற ஒருவராவது திறந்து வைத்திருந்தால்தானே வரும்? சைபரிலேயே நின்றது. தினமும் வேலைக்குப் போகும் முன் திறந்துவிட்டுப் போவேன், வந்து பார்ப்பேன், அதே சைபர்.

போன வெள்ளிக்கிழமை வந்து பார்த்தபோது எண் ஓடிக்கொண்டிருந்தது. கொடுக்கிறவர் ஒரே ஒருவர். பக்கத்தில் சின்னதாகக் குவைத் கொடி. அண்ணே, அந்தக் கொடியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் பழைய லேப்டாப் திறந்திருக்கிறது, நீங்கள் அதன் முன்னால் இருக்கிறீர்கள் என்று தெரிந்தது. அறுபத்து நாலு சதவீதத்துக்கு வந்ததும் கொடி மறைந்தது. அன்றிலிருந்து அங்கேயே நிற்கிறது.

தெரிந்து மூடினீர்களா, தெரியாமல் மூடினீர்களா என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். லேப்டாப்பைத் திறந்தாலே நீலம் தானாக ஓட ஆரம்பிக்கும்படி நீங்கள் வைத்திருப்பீர்கள், நம் கடையிலும் அப்படித்தானே இருந்தது. அதனால் தெரியாமல்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். இல்லையென்றாலும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

வந்தவரையில் ஓடவிட்டுக் கேட்டோம். துண்டுகள் வரிசையாக வருவதில்லை அல்லவா, அங்கங்கே வந்திருக்கிறது. முதலில் அவர் தொண்டையைச் செருமுகிறார். அப்புறம் ஒன்றுமில்லை. பிறகு திடீரென்று ‘விடிஞ்சா வாரேன், கரைக்கு வாரேன், வெஞ்சனத்துக்கு மீனு தாரேன்’ என்கிறார். அதற்குப் பாட்டில் வருகிற பொண்டாட்டி சொல்கிற பதில் வரவில்லை. நடுவில் நான் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பு யாருடையதோ என்று ஒரு நிமிஷம் முழித்தேன்.

இலக்கியா அதை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டாள். பாட்டு நிற்கிற இடத்தில் இவளும் நிற்கிறாள். வாயை மூடிக்கொண்டு, அது எவ்வளவு நேரம் சும்மா இருந்ததோ அவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டு, அடுத்த துண்டைப் பாடுகிறாள். அவள் அப்பா பாட்டு அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை அண்ணே.

இனி, நீங்கள் பேசப் பயப்படுகிற விஷயத்தை நானே பேசிவிடுகிறேன். உங்கள் மச்சான் ரெங்கசாமி படகில் ஓர் ஆள் குறைந்தது. லீவில் வந்திருந்த நீங்கள் போவதாகத்தான் இருந்தது. காய்ச்சல் என்று இவரை அனுப்பினீர்கள். காற்று வந்து படகு கவிழ்ந்தது. மற்றவர்களை வேறொரு படகு ஏற்றிக்கொண்டு வந்தது, இவர் மட்டும் வரவில்லை. நீங்கள் எங்கள் வாசலுக்கு வராமலே விமானம் ஏறினீர்கள். அனுப்பியதற்காக நான் கோபப்படவில்லை. காய்ச்சலோடு நீங்கள் கிடந்ததை நானே வந்து பார்த்தேன், கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவளே நான்தான். வாசலுக்கு வராமல் போனீர்களே, அதற்குத்தான் நாலு வருஷம் உங்களைச் சபித்தேன். இப்போது விட்டுவிட்டேன். சத்தியமாக விட்டுவிட்டேன்.

நான் இன்னும் அவருக்குக் காரியம் செய்யவில்லை. எங்கள் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் கேட்காத ஆளில்லை. ஒரு நகம்கூடத் திரும்பி வராதபோது எதை வைத்துச் செய்வது என்று சொல்லித் தட்டிக் கழித்து வருகிறேன். உடம்புதான் வரவில்லை. குரலாவது முழுசாக வந்து சேரட்டும். வந்த அன்றைக்குச் சொந்தபந்தத்தைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்க ஒரு தடவை ஓடவிட்டு, மறுநாள் கடற்கரைக்குப் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவேன்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன் பேச வேண்டாம். பதில் எழுத வேண்டாம். வேலைக்குப் போகும்போது அந்த லேப்டாப்பை ஒரு நாள் மூடாமல் வைத்துவிட்டுப் போங்கள். எண் ஏறுவதைப் பார்த்து, அண்ணன் நம் வாசலுக்கு வந்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சந்தனமேரி இந்த லேப்டாப்பை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். பாட்டு முழுசாக வந்த பிறகும் நான் இங்கே மூட மாட்டேன். உங்களுடையது எப்போதாவது கெட்டுப்போனால் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் தலையை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள். நீங்கள் நல்லபடியாகக் கரை வந்து சேர வேண்டும்.

உங்கள் தங்கை,
கலைமதி